சரவுண்ட் ஸ்பீக்கரைக் கூரை மூலையிலிருந்து இறக்குங்கள்

கேள்வி: பல்லடத்துக்குப் பக்கத்தில் புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். ஹால் 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். டிவி ஒரு 12 அடிச் சுவரில் இருக்கிறது. சோபா எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. டிவியைப் பார்த்து உட்கார்ந்தால் இடப்பக்கம் ஜன்னல் வைத்த சுவர். வலப்பக்கம் பின்பாதியில் சுவர் இல்லை, மேலே பீம் மட்டும். அப்படியே சாப்பிடும் இடத்துக்குத் திறந்திருக்கிறது. கட்டும்போதே எலெக்ட்ரீஷியன் பின்பக்க மூலைகள் இரண்டிலும் ஒன்பதரை அடி உயரத்தில் ஸ்பீக்கர் வயர் விட்டிருந்தார். 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், பேஸ் ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) வாங்கி, சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டையும் அங்கேயே மாட்டினோம். மழைக் காட்சி வந்தால் சத்தம் மேலே எங்கேயோ கேட்கிறதே தவிர, நம்மைச் சுற்றிக் கேட்கவில்லை. சோபாவின் இடக்கோடியில் ஈஸி சேர் போட்டு உட்காரும் என் மாமனார், வசனமே புரியவில்லை என்கிறார். கடைக்காரர் 7.1 ஆக மாற்றச் சொல்கிறார். இன்டீரியர் வேலை செய்தவர் ஃபால்ஸ் சீலிங்கில் பதித்துவிடலாம் என்கிறார். கீழே இறக்கி மாட்டலாம் என்றால், சுவர் ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கல்), ஆணி நிற்காது என்று கணவர் தயங்குகிறார். பக்கத்தில் தறிக்குடோன் இருப்பதால் பகலில் அந்தச் சத்தம் வேறு. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அளவுகளை அடிக்கணக்கில் எழுதி அனுப்பியது மிக நல்ல காரியம். ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு ‘சத்தம் சரியில்லை’ என்று கேட்பவர்களுக்கு நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. உங்கள் அளவுகளைக் காகிதத்தில் வரைந்து பார்த்தேன். புதிதாக எந்த ஸ்பீக்கரும் வாங்கத் தேவையில்லை. சோபா இரண்டடி முன்னால் வர வேண்டும், ஸ்பீக்கர்கள் நான்கடி கீழே இறங்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் பாதிப் பலன்தான்.

முதலில் அந்த மூலை. கோவை, திருப்பூர், ஈரோடு என்று எங்கே வேலைக்குப் போனாலும் புது வீடுகளில் சரவுண்ட் வயர் கூரை மூலையில்தான் எட்டிப் பார்க்கிறது. சினிமா தியேட்டரில் ஸ்பீக்கர்கள் சுவரில் உயரமாக வரிசை கட்டியிருப்பதைப் பார்த்து வந்த வழக்கம் இது. தியேட்டரில் நூற்றுக்கணக்கான பேருடைய தலைகளைத் தாண்டிச் சத்தம் போக வேண்டும், சுவரும் நம்மிடமிருந்து வெகுதூரம். பன்னிரண்டு அடி அகல ஹாலில் அந்தக் கணக்கு பொருந்தாது.

உட்கார்ந்திருப்பவரின் காது தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் இருக்கும். உங்கள் ஸ்பீக்கர் ஒன்பதரை அடியில் இருக்கிறது. காதுக்கு மேலே ஆறடி. பக்கவாட்டில் அது நடு இருக்கையிலிருந்து இருப்பதும் ஆறடிதான். ஆறடி தள்ளி, ஆறடி மேலே என்றால் 45 டிகிரி. டால்பி அட்மாஸ் அமைப்பில் ‘மேலிருந்து வர வேண்டிய சத்தம்’ என்று தனியாக ஒதுக்கப்பட்ட ஸ்பீக்கர்களுக்குச் சொல்லும் கோணமும் ஏறத்தாழ இதுவே. ஆகவே மழை மேலே கேட்கிறது என்று நீங்கள் எழுதியது பிரமை இல்லை. காது உள்ளதை உள்ளபடி சொல்கிறது. காது மடலின் மடிப்புகளில் பட்டுத் திரும்பும் ஒலியின் மாறுபாட்டை வைத்துத்தான் மூளை உயரத்தைக் கணிக்கிறது. ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான ரிசீவரின் எந்த பட்டனாலும் அந்தக் கணிப்பை மாற்ற முடியாது.

5.1 ஒலிப்பதிவில் சரவுண்ட் என்பது பக்கத்திலும் சற்றே பின்னாலும் கேட்க வேண்டியது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.எஸ். 775 பரிந்துரை இந்தக் கோணத்தை 100 முதல் 120 டிகிரி என்று வைத்திருக்கிறது. டால்பி 110 முதல் 120 என்கிறது. நேர் முன்னால் பூஜ்யம், தோளுக்கு நேர் பக்கவாட்டில் 90, முதுகுக்கு நேர் பின்னால் 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 110 முதல் 120 என்பது தோளைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால். முதுகுக்குப் பின்னால் இல்லை. பலர் சரவுண்டை ‘பின் ஸ்பீக்கர்’ என்றே சொல்லிச் சொல்லி, சோபாவுக்கு நேர் பின்னால் இரண்டையும் அருகருகே மாட்டிவிடுகிறார்கள். அப்போது இடமும் வலமும் ஒன்றாகக் குழைந்துவிடும்.

உயரம், காதுக்கு மேலே ஒன்று முதல் இரண்டடி. மிகச் சரியாகக் காது உயரத்தில் வைத்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலை மறைக்கும். குடும்பத்தோடு பார்க்கிற வீட்டில் அது தினமும் நடக்கும். உங்களுக்கு ஐந்தரை அடி உயரத்தைச் சொல்வேன்.

இப்போது சோபா. புதிதாகக் கட்டும் வீடுகளில் சோபா சுவரோடு ஒட்டிக் கிடப்பதுதான் வழக்கம். நடுவில் இடம் விட்டால்தான் ஒறம்பரை வந்தால் நான்கு பேர் தாராளமாக உட்கார முடியும், குழந்தைகள் விளையாட முடியும். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இரண்டடி கேட்கிறேன், ஏனென்றால் பின்சுவரை ஒட்டி உட்காரும்போது மூன்று கெடுதல்கள் சேர்ந்து வருகின்றன. அறையின் தாழ்ந்த ஒலிகளுக்கு, அதாவது பேஸ் ஒலிகளுக்கு, சுவரோரத்தில்தான் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அதனால் சப்வூஃபர் ‘கும்’ என்று வீங்கிக் கேட்கும், அந்த வீக்கம் வசனத்தை மூடும். இரண்டாவதாக, தலைக்குப் பின்னால் ஓரடியில் இருக்கும் சுவர், முன் ஸ்பீக்கர்களின் சத்தத்தை உடனே திருப்பி அடித்துத் தெளிவைக் குலைக்கும். மூன்றாவது, சரவுண்டுக்குப் பின்னால் போக இடமே இருக்காது.

சோபாவை இரண்டடி முன்னால் இழுத்தால் உங்கள் காது பின்சுவரிலிருந்து மூன்றடியில் வரும். ஒரு எச்சரிக்கை: 16 அடி நீள அறையில் காதைப் பின்சுவரிலிருந்து மிகச் சரியாக நான்கடியிலோ, அறையின் மிகச் சரியான நடுவில் எட்டடியிலோ வைக்காதீர்கள். அறையின் நீளத்தால் உண்டாகும் நிலையான அலைகள் அந்த இடங்களில் சில பேஸ் ஒலிகளை விழுங்கிவிடும். மூன்றடி நல்ல இடம்.

மூன்றடி கிடைத்ததும் உங்கள் வீட்டின் பெரிய சிக்கல், வலப்பக்கம் சுவர் இல்லாத சிக்கல், தானே அவிழ்கிறது. இடது ஸ்பீக்கரைப் பக்கச் சுவரிலும் வலது ஸ்பீக்கரை ஸ்டாண்டிலும் வைத்தால், இடப்பக்கம் சுவரில் பட்டு நிறைவாகவும் வலப்பக்கம் வெட்டவெளியில் மெலிந்தும் கேட்கும். இரண்டையும் பக்கச் சுவர்களை விட்டுப் பின்சுவருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பின்சுவர் முழுதாக 12 அடி இருக்கிறது. அதன் நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் ஐந்தடி அளந்து, ஐந்தரை அடி உயரத்தில் குறியிடுங்கள். நடு இருக்கையிலிருந்து ஐந்தடி பக்கவாட்டில், மூன்றடி பின்னால். கணக்குப் போட்டால் 120 டிகிரிக்கு மிக அருகில் வருகிறது. பிராக்கெட் சுவரிலிருந்து அரையடி முன்னால் நீட்டும். அதையும் சேர்த்தால் இன்னும் மூன்று நான்கு டிகிரி குறைந்து நன்றாகவே அமையும். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே சுவர், ஒரே உயரம். உங்கள் வயரும் அதே மூலைகளுக்கு மேலேதான் வந்து நிற்கிறது. எலெக்ட்ரீஷியன் போட்ட வயர் வீணாகவில்லை.

மாமனாரைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரியைத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். ஹோம் தியேட்டர் வேலை செய்கிற பலர் நடு இருக்கை ஒன்றுக்கு மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் போய்விடுவார்கள். கோடியில் உட்காரும் பெரியவருக்கு ஒரு ஸ்பீக்கர் காதோரத்தில் கத்தும், மற்ற நான்கும் எங்கோ முனகும். முதலில் காதை வந்தடையும் சத்தத்தின் திசையையே மூளை பிடித்துக்கொள்ளும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949-இல் ஆராய்ந்து எழுதினார். அந்த விளைவுக்கே அவர் பெயர்தான். அருகில் இருக்கும் ஸ்பீக்கர் முந்திக்கொண்டால் கவனம் முழுவதும் அந்தப் பக்கம் இழுபடும், திரையிலிருந்து வரும் பேச்சு பின்னுக்குப் போகும்.

அவருடைய நாற்காலி இடச்சுவரிலிருந்து இரண்டடியில் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டேன். சோபாவும் நாற்காலியும் இப்போதைய இடத்திலேயே இருக்க, ஸ்பீக்கரை மட்டும் ஐந்தரை அடிக்கு இறக்கினால், நடு இருக்கையில் இருப்பவருக்குக் கேட்பதைவிட அவருக்கு இடது ஸ்பீக்கர் 7 டெசிபெல் அதிகமாகக் கேட்கும். 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றும், ஆகவே 7 என்பது கணிசமானது. வரிசை முழுவதையும் இரண்டடி முன்னால் கொண்டுவந்தால் அது நாலரைக்குள் அடங்குகிறது. இது சுவர்களின் எதிரொலியைச் சேர்க்காத கணக்கு, வீட்டில் வித்தியாசம் இன்னும் சற்றுக் குறையும். ஸ்பீக்கரின் முகத்தையும் அவர் பக்கம் திருப்பாமல், சோபாவின் எதிர்க்கோடியை நோக்கிக் குறுக்காகத் திருப்பி, லேசாகக் கீழே சாயுங்கள். உயர் ஒலிகள் ஸ்பீக்கரின் முகத்துக்கு நேர் எதிரில்தான் கூர்மையாக இருக்கும், பக்கவாட்டில் மழுங்கும். அந்த மழுங்கல் இங்கே அவருக்குச் சாதகம். நாற்காலியை ஓரடி சோபா பக்கம் நகர்த்த அவர் சம்மதித்தால் இன்னும் நல்லது.

ஆனால் வசனம் புரியாததற்கு சரவுண்ட் மட்டும் காரணமாக இருக்காது. 5.1-இல் பேச்சு பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. அதை டிவி யூனிட்டின் தட்டுக்குள் உள்ளே தள்ளி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தட்டின் முன் விளிம்பு வரை இழுத்து, முன்பக்கத்துக்கு அடியில் சிறு ரப்பர் வைத்து, முகத்தைக் காது மட்டத்துக்கு நிமிர்த்துங்கள். ரிசீவரில் சென்டரின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் கூட்டுங்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் நான் எப்போதும் இதைச் செய்துவிட்டுத்தான் வருவேன். சினிமாவின் அனுபவம் இதனால் கெடுவதே இல்லை.

அடுத்தது எதிரொலி. புது வீட்டில் வழவழப்பான டைல்ஸ் தரை, பட்டி பார்த்த சுவர், கண்ணாடி ஜன்னல். ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ‘ட்ரிங்’ என்று ஒரு வால் நீண்டு கேட்டால், ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்த வால் ஒட்டிக்கொண்டே வருகிறது என்று பொருள். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தை இரட்டையாக மடித்து விரியுங்கள். முன் ஸ்பீக்கரின் சத்தம் தரையில் பட்டு எழும்பும் இடம் அதுதான். ஜமக்காளம் பருத்தி என்பதால் உயர் ஒலிகளைக் குடிக்கும். பேஸை அது ஒன்றும் செய்யாது, அந்த வேலையை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். இடப்பக்க ஜன்னலுக்குக் கனமான திரையை நிறைய மடிப்பு விட்டுத் தொங்கவிடுங்கள். இந்த இரண்டிலும் கிடைக்கும் தெளிவு, விலை கூடிய ஸ்பீக்கர் வாங்கினாலும் கிடைக்காது.

ஏ.ஏ.சி. பிளாக் பற்றிய உங்கள் கணவரின் தயக்கம் நியாயமானது. செங்கல் சுவருக்குப் போடும் சாதாரண ரால் பிளக்கையோ மரக்கட்டையையோ அதில் அடித்தால் நாளடைவில் தளர்ந்து வரும். பிளாக்குக்குள் காற்றுக் குமிழ்கள் நிறைந்திருப்பதால் ஆணி இறுகப் பிடிக்க அங்கே கெட்டியான பொருள் குறைவு. ஹார்டுவேர் கடையில் ஏ.ஏ.சி. பிளாக்குக்கென்றே நைலான் ஆங்கர் கிடைக்கிறது. அதையே கேட்டு வாங்குங்கள். டிரில் மிஷினில் ஹேமர் இயக்கத்தை அணைத்துவிட்டு, வெறும் சுழற்சியில் மெதுவாகத் துளையிட வேண்டும். ஹேமர் போட்டால் துளை அகன்று, ஆங்கர் தொளதொளவென்று நிற்கும். துளையின் அளவு ஆங்கர் பெட்டியின் மேல் போட்டிருக்கும். அதை மீறக் கூடாது. மேலே இருக்கும் சிமெண்ட் பூச்சு எடையைத் தாங்காது, ஆகவே ஆங்கர் பூச்சைத் தாண்டிப் பிளாக்குக்குள் முழுதாகப் போகிற நீளத்தில் இருக்கட்டும். துளையிட்டதும் தூசியை ஊதி வெளியேற்றுங்கள்.

பிராக்கெட்டில் கை நீளமானதைத் தவிருங்கள். கை நீள நீள, மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை அதிகரிக்கும். குட்டைக் கையும், இடவலமாகத் திரும்பி மேலும் கீழும் சாயும் தலையும் உள்ளதாகப் பாருங்கள். ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன், வெறும் பிராக்கெட்டில் பத்துக் கிலோ அரிசிப் பையைக் கட்டி ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் பிராக்கெட் சுவரை விட்டு மயிரிழைகூட விலகாமல் இருந்தால், மூன்று நான்கு கிலோ ஸ்பீக்கரைப் பற்றிக் கவலையே வேண்டாம். குழந்தைகள் ஓடும் இடத்துக்கு மேலே ஒரு பொருளைத் தொங்கவிடுகிறோம். இந்தச் சோதனையை யார் அவசரப்படுத்தினாலும் விட்டுவிடாதீர்கள்.

துளையிடும் இடத்துக்கு நேர் மேலேயோ கீழேயோ சுவிட்ச் பாக்ஸ் இருந்தால் அரையடி தள்ளிக்கொள்ளுங்கள். சுவருக்குள் கரண்ட் பைப் பெரும்பாலும் செங்குத்தாகத்தான் இறங்கும். பின்சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால், தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்பதைப் பிளம்பரிடம் கேட்டபின் தொடங்குங்கள்.

ஒன்பதரை அடியில் இருக்கும் வயரை ஐந்தரை அடிக்குக் கொண்டுவரச் சுவரை வெட்ட வேண்டாம். சுவர் மூலையை ஒட்டிச் சிறிய கேசிங் கேப்பிங் ஓட்டி, சுவரின் நிறத்தையே அடித்துவிட்டால் கண்ணில் படாது. மேலே இருக்கும் வயரின் முனையைச் சற்றுச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாகவே இருந்தால் அது முழுச் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். உங்கள் ஹால் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே தாராளம். அலுமினியமாக இருந்தால் ஸ்பீக்கர் முனையில் நாளடைவில் இணைப்பு தளரும், மாற்றிவிடுவது நல்லது. சிவப்பு முனை ரிசீவரிலும் ஸ்பீக்கரிலும் சிவப்பிலேயே இருக்கட்டும். இரண்டில் ஒன்று மாறிப்போனால், மழைச் சத்தம் எந்தத் திசையிலும் நிலைக்காமல் தலைக்குள் சுற்றுவதுபோல் இருக்கும். நீங்கள் எழுதிய குறையில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம், எதற்கும் பார்த்துவிடுங்கள்.

ஃபால்ஸ் சீலிங்கில் பதிக்கும் யோசனை பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் இப்போது உங்களுக்கு இருக்கும் குறை, சத்தம் மேலிருந்து வருகிறது என்பதுதான். அதைச் சரிசெய்ய ஸ்பீக்கரை இன்னும் மேலே கொண்டுபோவது எப்படி உதவும்? பின்னாளில் அட்மாஸ் வேண்டும் என்று தோன்றினால், அப்போது கூரையில் தனியாக இரண்டு பதியுங்கள், அதுவும் இருக்கைக்குச் சற்று முன்னால். ஜிப்சம் போர்டு மூடுவதற்கு முன்பே அந்த இடத்துக்கு ஒரு காலிப் பைப் விட்டுவைக்கச் சொன்னால் போதும்.

தறிக்குடோன் விஷயத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தறிச் சத்தத்தைத் திரை தடுக்காது. திரை அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க ஜன்னல் சட்டத்தின் இடுக்குகளை ரப்பர் பீடிங் கொண்டு அடைப்பதுதான் வழி. காற்று நுழையும் இடுக்கு எல்லாம் சத்தம் நுழையும் இடுக்குதான். ஆடிக் காற்றில் ஜன்னல் கதவு தடதடவென்று அடிப்பதும் அதோடு நிற்கும். பகலில் தறி ஓடும்போது சரவுண்டின் மெல்லிய ஒலிகள், தூரத்து இடி, இலைச் சலசலப்பு, கடைவீதி இரைச்சல் எல்லாம் அதில் அமுங்கிப்போகும். அதற்காகச் சரவுண்டைக் கூட்டிவைத்தால், தறி நின்ற இரவில் அதே ஸ்பீக்கர் காதைத் துளைக்கும்.

ஆகவே தறி நிற்கும் நேரம் பார்த்து, மின்விசிறியையும் அணைத்துவிட்டு அளவுகளைப் போடுங்கள். ரிசீவரோடு மைக் கொடுத்திருந்தால், நடு இருக்கையில் காது உயரத்தில் ஒரு கம்பத்திலோ கேமரா ஸ்டாண்டிலோ நிறுத்தி அதன் சோதனையை ஓடவிடுங்கள். கையில் பிடிக்காதீர்கள், சோபாவின் முதுகில் சாய்க்காதீர்கள். மைக் இல்லாத செட்டாக இருந்தால், நடு இருக்கையிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து மெனுவில் எழுதுங்கள். ஒலி ஒரு மில்லிசெகண்டுக்கு ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாகப் போகிறது. முன் ஸ்பீக்கர் பதின்மூன்று அடியிலும் சரவுண்ட் ஆறடியிலும் இருந்தால், சரவுண்ட் ஆறு மில்லிசெகண்ட் முந்திக்கொள்ளும். தூரத்தைச் சரியாக எழுதினால் ரிசீவர் அதைப் பிடித்து நிறுத்தும். மைக் சோதனை முடிந்தபின் சப்வூஃபரின் தூரத்தை மட்டும் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்த வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் மின்சுற்று எடுக்கும் நேரத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. சரவுண்டுகளின் வகையை ‘ஸ்மால்’ என்றும், பேஸ் சப்வூஃபருக்குப் பிரியும் எல்லையை 80 ஹெர்ட்ஸ் என்றும் வையுங்கள். ஸ்பீக்கர் மிகச் சிறியதாக இருந்தால் 100 அல்லது 120.

இதற்குப் பிறகு சரவுண்ட் குறைவாகக் கேட்பதுபோல் சில நாட்கள் தோன்றும். அப்போது கையை ரிமோட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். படத்தின் பெரும்பகுதியில் சரவுண்டுக்கு வேலையே கொஞ்சம்தான். சீரியலும் செய்தியும் பெரும்பாலும் இரண்டு சேனல் ஒலியாகவே வருகின்றன. அப்போது பின்னால் அமைதியாக இருப்பது சரி. எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே பாட்டு கேட்கும் முறையை விசேஷ நாட்களில் வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது மட்டும் போடுங்கள்.

கடைக்காரரின் 7.1 யோசனைக்கு வருகிறேன். அதில் கூடுதலாக வரும் இரண்டு ஸ்பீக்கர்கள் 135 முதல் 150 டிகிரிக்குள், அதாவது உங்களுக்கு நன்றாகப் பின்னால், தள்ளி நிற்க வேண்டும். உங்களுக்குப் பின்னால் இருக்கப்போவது மூன்றடி. அதில் நான்கு ஸ்பீக்கரையும் திணித்தால் ஒன்றின் சத்தம் இன்னொன்றில் கலக்கும், மாமனாரின் பிடரிக்குப் பின்னால் ஒன்று கூடுதலாக வந்து உட்காரும். இந்த ஹாலுக்கு 5.1 போதும் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தச் செலவில் ஜன்னல் பீடிங், கனமான திரை, நல்ல பிராக்கெட் இரண்டு, ஒரு பெரிய ஜமக்காளம் எல்லாம் வாங்கியபிறகும் கையில் பணம் மிஞ்சும்.